முதியவர் கையின் பிடி

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒருவர் முழங்கால் வலிக்காக வந்தாலும் தோள்பட்டை இறுக்கத்துக்காக வந்தாலும், டைனமோமீட்டரைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அவரை நான் அனுப்புவதில்லை. வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எல்லாம் பார்த்துப் பழகியவர்கள், கையின் பிடியை ஒருவர் அளப்பதை அதுவரை கண்டதில்லை. "முட்டி வலிக்கு வந்தா கையப் புடிக்கச் சொல்றயே அம்மிணி, எதுக்கு?" என்று கேட்கும் ஆத்தாமார்களுக்கு, அடுத்தவர் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வாக்கியங்களில் சொல்லும் பதில் போதுவதில்லை. அந்தப் பதிலை இங்கே முழுமையாக எழுத விரும்புகிறேன். முதுமையில் உடல் உள்ளுக்குள் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை, ஊசி குத்தாமல், இரத்தம் எடுக்காமல், சில நிமிடங்களில் காட்டிவிடும் அளவு கைப்பிடி வலிமை. உழைத்துக் காய்ப்பேறிய கைகளை நம்பி வாழும் நம் கொங்குப் பகுதியில் அந்தத் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகிடப்பதால், இங்கே அதை அளந்துதான் அறிய வேண்டியிருக்கிறது.

அளக்கும் முறை எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். நீர்ம அழுத்தத்தில் இயங்கும் ஜமார் வகைக் கருவியானால், சாய்வுள்ள நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்கார வைத்து, மேற்கை விலாவை ஒட்டியும் முழங்கை செங்கோணத்தில் மடங்கியும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, "முடிஞ்ச மட்டும் இறுக்கிப் புடிங்க" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒவ்வொரு கையிலும் இரண்டு மூன்று தடவை, நடுவே சற்று ஓய்வு விட்டு அளந்து, கிடைத்தவற்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறோம். சுருள்வில் வகைக் கருவியானால், நின்றபடி முழங்கையை நீட்டி அளப்பது ஆசிய வல்லுநர்கள் பரிந்துரைக்கும் முறை. உட்கார்ந்து அளந்த எண்ணையும் நின்று அளந்த எண்ணையும் ஒப்பிடுவது சரியாகாது. கருவியின் பிடி அகலம் மாறினாலும் எண் மாறிவிடும். இந்த விவரங்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், அவசரத்தில் அளந்த ஒரு தவறான எண் ஒரு முதியவரைத் தேவையில்லாமல் கலங்க வைத்துவிடும் என்பதுதான்.

பிடி என்பது விரல்களின் வேலை என்று தோன்றுகிறது. ஆனால் விரல்களை மடக்கி இறுக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலுள்ள முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நீண்ட நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகள் வரை ஓடுகின்றன. விரல்கள் மடங்கும்போது மணிக்கட்டு உள்நோக்கிச் சரிந்துவிடாமல், முன்கையின் பின்புறத் தசைகள் அதே நேரத்தில் அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்; தோளும் முதுகும் அசையாமல் நிற்க வேண்டும். மூளை விடும் கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி, கழுத்தில் புறப்படும் நரம்புகளில் பாய்ந்து, ஆயிரக்கணக்கான தசை நார்களை ஒரே கணத்தில் சுருங்க வைத்தால்தான் முள் உயரும். இந்தத் தொடரில் எந்த இடத்தில் பழுது வந்தாலும் எண் இறங்கும். ஒரு எளிய இறுக்கத்தில் இத்தனை பொருள் அடங்கியிருப்பது இதனால்தான்.

வயதாகும்போது தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அவற்றை நம்பியிருந்த தசை நார்கள் சிலவற்றைப் பக்கத்து நரம்புகள் ஏற்றுக்கொள்கின்றன. ஏற்றுக்கொள்ளப்படாதவை மெலிந்து போகின்றன. வேகமாகவும் பலமாகவும் சுருங்கும் நார்கள்தான் முதலில் அதிகமாக மெலிந்துபோகின்றன. தடுமாறும் கணத்தில் காலை முன்னே வைத்து உடலைத் தாங்குவதற்கு வேண்டியவையும் அவையே. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலிமை வேகமாகக் குறைகிறது என்பதை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மெம்ஃபிஸ் நகரங்களில் 70 முதல் 79 வயது வரையுள்ளவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. கை பருமனாகத் தெரிகிறது, ஆகவே வலுவாக இருக்கும் என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. வயது ஏறும்போது தசைக்குள்ளும் கொழுப்பு ஊடுருவிவிடுகிறது.

தசையின் வேலை அசைவு மட்டுமன்று. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை உள்வாங்கிக்கொள்வது தசை. கடுமையான காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ எலும்பு முறிவோ வரும்போது, நோய் எதிர்ப்புக்கும் புண் ஆறுவதற்கும் வேண்டிய புரதத்தை உடல் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கையிருப்பு குறைவாக உள்ளவருக்கு, மற்றவர் தாங்கிக்கொள்ளும் நோயே பெரிய நோயாகிவிடுகிறது. கைப்பிடி குறைந்தவர்கள் இதய நோயால் மட்டுமல்லாமல் மற்ற பல காரணங்களாலும் அதிகமாக இறப்பதன் பின்னணியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கான சான்றுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான 'பியூர்' ஆய்வு. கனடாவின் ஹாமில்டன் நகரிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட அந்த ஆய்வில், இந்தியா உட்பட 17 நாடுகளைச் சேர்ந்த, 35 முதல் 70 வயது வரையிலான 1,39,691 பேரின் கைப்பிடியை அளந்து, ஏறத்தாழ 4 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிடி 5 கிலோ குறைவாக இருந்த ஒவ்வொரு படிக்கும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. இதய, இரத்தநாள நோய்களால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடியிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடும் தொடர்பு தெரிந்தது, ஆனால் அவை முறையே 7, 9 விழுக்காடு என்ற சிறிய அளவில்தான். யார் இறப்பார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில், நாம் மாதாமாதம் பார்க்கும் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி தெளிவாக இருந்தது. இதைப் படித்தவர்கள் சிலர் இரத்த அழுத்த மாத்திரை தேவையில்லை என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். அது முற்றிலும் தவறு. இரத்த அழுத்தம் குறைக்கப்பட வேண்டிய ஒரு காரணி. கைப்பிடியோ உடலின் மொத்த நிலையைச் சொல்லும் ஓர் அடையாளம். இரண்டும் வெவ்வேறு வேலை செய்யும் அளவுகள்.

இன்னொரு ஆய்வு இதைவிடப் பழையது, எனக்கு இன்னும் நெருக்கமானது. ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1960களின் பிற்பகுதியில், அவர்கள் 45 முதல் 68 வயதில் நல்ல உடல்நிலையோடு இருந்தபோது, பிடியை அளந்து வைத்தார்கள். 25 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது, அன்று பிடி குறைவாக இருந்த மூன்றிலொரு பங்கினர், குளிப்பது, உடுத்துவது போன்ற தம் சொந்த வேலைகளுக்கே அடுத்தவரை நம்பும் நிலைக்கு வந்திருந்த வாய்ப்பு, பிடி மிகுந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. 6,089 பேரிடம் கண்ட அந்த முடிவு 1999-இல் வெளியானது. எத்தனை ஆண்டு வாழ்வோம் என்று எந்த முதியவரும் என்னிடம் கேட்பதில்லை. "கடைசி வரைக்கும் என்ற வேலைய நானே பாத்துக்கோணும், ஒருத்தருக்குப் பாரமா இருக்கக் கூடாது" என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கவலைக்கு நேராகப் பதில் சொல்வதாக இந்த ஆய்வு எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் எவ்வளவு இருக்க வேண்டும்? ஆசிய நாடுகளின் சார்கோபீனியா வல்லுநர் குழு 2019-இல் வகுத்த வரம்பின்படி, ஆணுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தால் வலிமை குறைவு. முதுமையில் தசையும் வலிமையும் குறைந்துபோவதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர்தான் சார்கோபீனியா. அதே ஆண்டில் வெளியான ஐரோப்பிய வரம்பு 27, 16 என்று சற்றுக் கீழே நிற்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, பிரிட்டனில் 12 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆண்களின் நடுநிலை அளவு முப்பதுகளில் 51 கிலோ என்ற உச்சத்திலும், பெண்களுடையது ஏறத்தாழ அதே வயதில் 31 கிலோ என்ற உச்சத்திலும் இருந்தன.

ஆசிய வரம்பு பெரும்பாலும் கிழக்காசிய மக்களின் தரவுகளை வைத்து வகுக்கப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. தெற்காசியர்களின் சராசரிப் பிடி உலகின் பல பகுதிகளைவிடக் குறைவு. உயரமும் எடையும் குறைந்த நம் ஊர்ப் பாட்டிகள் பலர், வீட்டு வேலை எல்லாம் செய்துகொண்டே 18-க்குக் கீழே இருக்கிறார்கள். அவர்கள் அனைவரையும் நோயாளிகள் என்று நான் கருதுவதில்லை. அதே சமயம், நம்மவர்களுக்கு இது இயல்புதான் என்று ஒதுக்கிவிடுவதையும் ஏற்க மாட்டேன். குறைந்த ஊட்டமும் நெடுநாள் சர்க்கரை நோயும் சேர்ந்து உருவாக்கிய சராசரியை நல்ல அளவு என்று எப்படிச் சொல்வது? மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து, 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய வாழ்க்கைத்துணைகள் என 72,000-க்கும் அதிகமான இந்தியர்களிடம் 2017–18-இல் நடத்திய 'லாசி' ஆய்வின் முதற்சுற்றிலேயே கைப்பிடியும் அளக்கப்பட்டது. தொடர்ந்து அளந்து வரும்போது நமக்கென்று ஒரு தெளிவான வரம்பு கிடைக்கும். அதுவரை, ஒருவரை ஊரின் சராசரியோடு ஒப்பிடுவதைவிட, ஆறு மாதத்துக்கு முன்பிருந்த அவரோடே ஒப்பிடுவதைத்தான் நான் நம்புகிறேன்.

இனி, நம் பகுதியில் இந்தத் தளர்ச்சி ஏன் கண்ணில் படுவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களின் கைகள் சிறு வயதில் செய்த வேலைகளை எண்ணிப் பார்க்கிறேன். மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கவலையில் இறைத்த தோட்டங்களில் வடக்கயிறு பிடித்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். சேந்துகிணற்றில் தண்ணீர் சேந்தியவர்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்கள், மஞ்சள் வெட்டியவர்கள், கம்பி நட்டுத் தேங்காய் உரித்தவர்கள், சென்னிமலையில் தறிக்குழியில் கால் வைத்துக் கயிறிழுத்து நாடா ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பு அவர்களுக்கு நல்ல வலிமையைக் கையிருப்பாகக் கொடுத்திருந்தது. பிறகு கிணற்றுக்கு மோட்டார் வந்தது, சமையலறைக்குக் கிரைண்டர் வந்தது, குழாய் வாசலுக்கே வந்தது. இவை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இடுப்பொடிய வேலை செய்த பெண்களுக்கு ஓய்வு கொடுத்த கருவிகளைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒருவருடைய கை எந்த நாளில் தளரத் தொடங்கியது என்பதைக் காட்டிக்கொடுக்கும் வேலைகளும் அவற்றோடு போய்விட்டன.

மிச்சமிருக்கும் வேலைகளையும் குடும்பம் சத்தமில்லாமல் மாற்றி அமைத்துக்கொள்கிறது. இதை நான் வீடு வீடாகப் பார்க்கிறேன். தோள் வலிக்காக வந்த ஓர் ஆத்தாவிடம் மாட்டைப் பற்றி விசாரித்தபோது, "பால் பீச்சறத மருமவகிட்ட உட்டுட்டேன் அம்மிணி, அவளும் பழகோணுமல்லோ" என்றார். கூட வந்திருந்த மருமகள், "அப்படியில்லீங்கக்கா, ரெண்டு பீச்சு பீச்சறதுக்குள்ள அத்தைக்குக் கை சோந்து போகுதுங்க, அதனால நானே எடுத்துக்கிட்டேன்" என்றார். இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். மாமியார் ஒதுங்கிக்கொண்டதும், மருமகள் ஏற்றுக்கொண்டதும், இருவருக்குமிடையே பேச்சில்லாமல் நடந்த அன்பான ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு மருத்துவச் செய்தி புதைந்துபோயிருந்தது. அவருடைய பிடி வலக்கையில் 11 கிலோ இருந்தது.

இப்படித்தான், சந்தகை பிழிவதை வீட்டில் நிறுத்திவிட்டு விசேஷத்துக்கு மட்டும் கடையில் சொல்லி வாங்குவது, நிறைந்த தூக்குப்போசியைப் பேரனிடம் கொடுத்தனுப்புவது, போர்வையை முறுக்கிப் பிழிய முடியாமல் அப்படியே சொட்டச் சொட்டக் கொடியில் போடுவது, மூடி திறக்க வரவில்லை என்று ஊறுகாய் பாட்டிலை லேசாக மூடி வைப்பது, பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடலைத் தூக்க முடியாததால் "பஸ்ஸு ஒத்துக்கறதில்லை" என்று ஊருக்குப் போவதையே நிறுத்திவிடுவது என ஒவ்வொன்றும் ஒரு சிறிய விலகல். ஒவ்வொன்றுக்கும் நியாயமான ஒரு காரணம் சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. ஆண்களிடம் இது இன்னும் ஆழமாக மறைந்திருக்கிறது. தோட்டத்துக்குப் போய்வருகிறார், மோட்டார் போடுகிறார், ஆட்களுக்குச் சொல்கிறார். ஆனால் மண்வெட்டியைக் கையில் எடுத்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டால்தான் யோசிக்கிறார். ஒரு நாள் வாய்க்கால் வரப்பில் கால் இடறி விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்தாரு" என்று வீட்டார் சொல்கிறார்கள். நேற்று வரை அவர் நன்றாக இருந்தார் என்பதை நான் ஏற்பதில்லை. பல ஆண்டுகளாக இறங்கி வந்த வலிமையைக் காட்டக்கூடிய ஓர் எண் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை.

எண் குறைவாக வந்தால் அடுத்தது என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் முதலில் கேட்பது, மென்மையான ரப்பர் பந்தையோ கடைகளில் விற்கும் சுருள்வில் பிடிப்பானையோ வாங்கித் தினமும் அழுத்தலாமா என்பதுதான். கையில் அடிபட்டவருக்கும், பக்கவாதத்துக்குப் பின் கை தேறி வருபவருக்கும் அதில் பலன் உண்டு. ஆனால் உடல் முழுவதும் தளர்ந்த ஒருவர் பந்தை அழுத்தி அழுத்தி 15-ஐ 19 ஆக்கிவிட்டால் அவருடைய ஆயுள் கூடிவிடும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. கிணற்றில் நூல் விட்டு நீர்மட்டம் பார்க்கிறோம். நூலைச் சுருக்கிக் கட்டினால் கிணற்றில் தண்ணீர் ஏறாது. மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

அதனால் எண் குறைவாக வந்தவுடன் நான் பார்ப்பது, அந்தக் குறைவு கையோடு நிற்கிறதா, உடல் முழுவதுக்கும் உரியதா என்பதுதான். ஒரு கை மட்டும் மறுகையைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா, கழுத்து எலும்புத் தேய்வால் நரம்பு அழுந்துகிறதா, சிறிய பக்கவாதம் ஏதும் வந்துபோயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் விரல்கள் மரத்துப்போய் விழித்துக் கையை உதறுகிறேன் என்று சொல்லும் நெசவாளர்களுக்கும், பனியன் கம்பெனியில் துணி வெட்டிப் பழகியவர்களுக்கும் பிடி குறைவதற்கு மணிக்கட்டு நரம்பு காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்வு, மூட்டுவாதம், சிக்குன்குனியா வந்து போன பின் மாதக்கணக்கில் நீடிக்கும் விரல் வலி, சர்க்கரை நோயால் விரல் மூட்டுகள் இறுகிப்போவது ஆகியவையும் எண்ணை இறக்கும். அங்கே எண் சொல்வது கையின் செய்தி மட்டுமே.

இரு கைகளும் சேர்ந்து குறைந்திருந்தால் கால்களைப் பார்க்கிறேன். கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்கிறேன். 12 நொடிகளோ அதற்கு மேலோ ஆனால் கால்களிலும் வலிமை குறைந்திருக்கிறது என்பது ஆசியக் குழுவின் அளவு. கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33-க்கும் கீழே இருந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தையல்காரரின் டேப் ஒன்று போதும். இவற்றையும் குறித்து, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, தைராய்டு எப்படி இருக்கிறது, இரத்தசோகையும் வைட்டமின் டி குறைவும் உண்டா, எடை தானாகக் குறைகிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவர்களுடைய மருத்துவருக்கு எழுதி அனுப்புகிறேன். "வயசாச்சு" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோயிருக்க வேண்டிய பேச்சு, இந்த எண் இருப்பதால் ஒரு பரிசோதனைக்கு நகர்கிறது. பிடியை அளப்பதன் முதற்பயனாக நான் மதிப்பது இதைத்தான்.

தசையை மீட்க முடியுமா என்ற ஐயம் எல்லாருக்கும் இருக்கிறது, எண்பதுக்கு மேல் என்றால் வீட்டாருக்கு நம்பிக்கையே இருப்பதில்லை. பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் மருத்துவமனையில் வாழ்ந்த, சராசரி வயது தொண்ணூறு கொண்ட பத்துப் பேருக்கு, காலால் எடை தூக்கும் பயிற்சியை 8 வாரம் கொடுத்ததில், அவர்களுடைய தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது என்று 1990-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே குழு 1994-இல், சராசரி வயது 87 கொண்ட நூறு பேரிடம் 10 வாரம் செய்த ஆய்வு இன்னும் முக்கியமானது. பயிற்சி செய்தவர்களுக்கு வலிமை இரு மடங்குக்கும் மேலானது, நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தளர்ச்சி குறையவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் விலை உயர்ந்த புரதப் பொடி டப்பாக்களை அடுக்கி வைத்துவிட்டுப் போகும் வீடுகளில் இந்த முடிவை நான் தவறாமல் சொல்கிறேன். அம்மாவின் கையைப் பிடித்து ஒரு வாரம் நாற்காலியில் எழுந்து உட்காரப் பழக்கிவிட்டுப் போனால் அந்தப் பொடிக்கும் பயன் கிடைக்கும்.

நான் கற்றுத் தரும் பயிற்சிகளில் புதுமை ஒன்றுமில்லை. நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையோ அரைப்போசி மணலையோ கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் களத்துக்கும் நடப்பது ஆகியவைதான். கடைசியில் சொன்னதில் கைப்பிடிக்கும் தானாகவே வேலை கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், கடைசி இரண்டு தடவை சற்றுச் சிரமமாகத் தோன்றும் அளவுக்குச் செய்ய வேண்டும். எளிதாகத் தோன்றத் தொடங்கியதும் சுமையைக் கூட்ட வேண்டும். காலையில் நடப்பது நல்லது, ஆனால் நடை மட்டும் இந்த வலிமையைத் திருப்பித் தருவதில்லை. இதய நோயோ, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது. முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று வல்லுநர் குழு ஒன்று 2013-இல் பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள ஆத்தாவுக்கு அது 50 முதல் 60 கிராம். காலையில் காப்பியும் இரண்டு இட்லியும், மதியம் ரசம் ஊற்றிய சோறு, இரவு பாலூற்றிப் பிசைந்த சோறு என்று பல்லில்லாத வாய்க்கு ஏற்பச் சுருங்கிப்போன சாப்பாட்டில் இதில் பாதி கிடைத்தாலே அதிகம். நம் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் புரதம்தான். கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறு கடைசலும் தட்டைப்பயறும் மசிய வெந்தால் பல் தேவையில்லை. அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பின் பங்கைக் கூட்டலாம். முட்டை சாப்பிடுபவருக்கு ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கிறது. கறவை மாடு கட்டியிருக்கும் வீடுகளில் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விட்டு, பாட்டிக்கு மிஞ்சுவது காப்பிக்கு மட்டும் என்று இருப்பதைப் பார்க்கும்போது மனம் கலங்குகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

படுக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உடல்நலத்தோடு இருந்த, சராசரி 67 வயதுக்காரர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத் திசுவை இழந்தார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் "தெம்பு வர்ற வரைக்கும் படுத்திருக்கட்டும்" என்று பெரியவர்களைக் கட்டிலிலேயே வைத்திருப்பது நம் வீடுகளின் பாசம். தெம்பு படுக்கையிலிருந்து வருவதில்லை. மருத்துவர் தடை சொல்லாதவரை, காய்ச்சல் தணிந்த மறுநாளே எழுப்பி உட்கார வைத்து, திண்ணை வரை நடக்க வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஊழியர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் அத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பையில் ஒரு டைனமோமீட்டரும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம், என் கோரிக்கை. ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் ஜமார் கருவியின் விலை அதிகம்தான். ஆனால் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் மின்னணுக் கருவி கிராமத்துத் தேவைக்குப் போதும், எப்போதும் அதே கருவியில் அதே முறையில் அளந்தால் சரி. கருவி கிடைக்காத வீட்டில் ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரத்தைக் கைபேசியில் பார்த்துக் குறித்தாலும் பாதி வேலை முடிந்துவிடும். இரத்த அழுத்தம் எழுதும் அதே நோட்டில், தேதி போட்டு, வலக்கை, இடக்கை என்று இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு கிலோ ஏற்ற இறக்கம் அன்றைய தூக்கத்தாலும் வலியாலும் கூட வரும். ஐந்து கிலோ குறைந்திருந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.